மாப்பிள்ளையின் முதல் தர வரிசை

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று ஆரம்பிப்பதுதான் முறை, ஆரம்பித்துவிட்டேன், மீதியை நீயே படித்துத் தெரிந்துகொள். என் புது முட்டி சொன்ன பேச்சைக் கேட்கிறது, பழைய முட்டிதான் அதைப் பார்த்துப் பொறாமையில் முரண்டு பிடிக்கிறது. அப்பாவுக்குக் கண்ணாடி மாற்றியாயிற்று, ஊசியில் நூல் கோக்க இப்போது என்னைக் கூப்பிடுவதில்லை. அங்கே நீயும் மருமகளும் குட்டியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்களா, குட்டிக்குப் பல் முளைக்கிற வலி தீர்ந்ததா. போனில் சொல்லக் கூடாதா, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் நீ "சரிம்மா சரிம்மா" என்று ஆரம்பித்துவிடுவாய், அப்படிச் சொன்னால் உன் கண் வேறு எங்கோ இருக்கிறது என்று எனக்குத் தெரியும். காகிதத்துக்குச் சரிம்மா போட முடியாது. நேற்று உன் தங்கை சின்னவள் வந்து, நீ வேலை பார்க்கிற கிடங்கிலேயே மாப்பிள்ளைக்கும் இடம் பார்த்துவிட்டாய் என்றும், மாதக் கடைசியில் இரண்டு பேரும் கிளம்புகிறார்கள் என்றும் சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போய்த் துணி மடிக்க உட்கார்ந்துவிட்டாள். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன், ஆனால் முதலில் இருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும், ஏனென்றால் இங்கிருந்து உனக்கு வந்து சேர்ந்ததெல்லாம் படங்கள்தான்.

உன் தங்கை கணவரைப் பற்றி நான் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை என்று நீ பலமுறை குறைப்பட்டிருக்கிறாய். சொல்ல ஒன்று கிடைத்தால் சொல்ல மாட்டேனா. பதினோரு வருடம் செருப்புக் கடையில் மேலாளராக இருந்தவர், கடையை மூடியதும் பெட்டியோடு இங்கே வந்தார், வந்த மூன்றாம் வாரம் எனக்கு முட்டியில் அறுவை சிகிச்சை. அவ்வளவுதான், நான் படுத்தேன், அவர் எழுந்தார். என் பொறுப்பில் இருந்த செடி நர்சரி அவர் கைக்குப் போன முதல் நாளே தலைக்கு அகலமாக ஒரு தொப்பி, கழுத்தில் அளவு நாடா, காதில் பென்சில். பென்சில் வைக்க வசதியான காதுதான், அதனால் வேறு உபயோகம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை, யார் சொன்னதும் அதற்குள் போய் நான் பார்த்ததில்லை. கன்றுகளை உயரம் பார்த்துப் பிரித்து, தொட்டிக்குத் தொட்டி ஆறு, ஏழு, எட்டு என்று சைஸ் நம்பர் ஒட்டினார். ஒன்பதாம் நம்பர் மரம் யார் காலுக்கு என்று அப்பாவிடம் கேட்டேன், அப்பா எப்போதும்போல "பாவம், புதுசுல்ல" என்றார். அப்பாவுக்கு இந்த உலகத்தில் எல்லோரும் பாவம், எல்லோரும் புதுசு. வாடிக்கையாளர் யார் வந்தாலும் மாப்பிள்ளை கன்றுக்குப் பக்கத்தில் ஒரு முட்டியை மடித்துத் தரையில் ஊன்றிக்கொண்டுதான் பேசுவார், செருப்பைப் போட்டுப் பார்க்கச் சொல்கிற மாதிரியே. இன்னொரு நல்ல பழக்கமும் உண்டு. ஒட்டாத காகிதம் எது கையில் கிடைத்தாலும் படித்துவிடுவார். மருந்துச் சீட்டு, பால்காரர் எழுதி வைத்த துண்டு, அப்பா சட்டை அளவு குறிக்கிற நோட்டு எதுவும் பாக்கியில்லை. எனக்கென்று மருத்துவரிடமிருந்து வந்த சீட்டை நான் பிரிப்பதற்குள் வாங்கிப் படித்துவிட்டு, "அத்தை, உங்கள வர்ற வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க" என்று எனக்கே செய்தி சொல்லுவார். ஒட்டிய உறை என்றால் தொட மாட்டார், அந்த மட்டும் மரியாதை உண்டு. ஒட்டாதது ஊருக்கே பொது என்று நினைப்பு.

நகர்த்தும் நாள் உனக்கு நினைவிருக்கும். பள்ளிக்கூடம் படிக்கிற காலத்தில் அந்த நாளில் மட்டும் உனக்குச் சரியாக வயிற்றுவலி வரும். இருபது நாளுக்கு ஒரு முறை, இருக்கிற தொட்டி அத்தனையையும் ஒவ்வொன்றாகத் தூக்கி, அடியைப் பார்த்து, ஓட்டை வழியாகத் தலை நீட்டுகிற வேரைக் கத்தரித்து, ஒரு சாண் தள்ளி வைப்போம். அப்பா கூடத் தையல் மெஷினை மூடிவிட்டு வருவார். எதற்கு இந்தப் பாடு என்றால், தொட்டியில் இருக்கிற கன்று எப்போதும் கீழே தரைக்குப் போகத்தான் வழி பார்க்கும். அதிலும் நாம் அவசரக்காரன் என்று கூப்பிடுகிற அந்த நிழல் மரத்துக்கு ஒரு மாதம் போதும், ஓட்டை வழியாக வேரைத் தரையில் இறக்கிவிடும். இறக்கிவிட்டால் அப்புறம் அதற்குத் தொட்டி மண்ணும் வேண்டாம், நாம் ஊற்றுகிற தண்ணீரும் வேண்டாம், தரையிலிருந்து குடித்துக்கொண்டு தளதளவென்று வளரும். தொட்டிக்குள் இருக்கிற சின்ன வேரெல்லாம் வேலையில்லாமல் காய்ந்துபோகும். பார்க்கிறவர் கண்ணுக்கு அதுதான் தோட்டத்திலேயே நல்ல கன்று. தூக்குகிற அன்றுதான் தெரியும், கையோடு வருவது மரம் இல்லை, மண்ணில் செருகி வைத்த குச்சி. அதனால்தான் தரை முழுக்கச் செங்கல் பாவியிருக்கிறோம், அதனால்தான் நகர்த்துகிறோம், இருபத்தாறு வருடமாக என் இடுப்பு குனிந்து நிமிர்ந்தது இதற்குத்தான். பிள்ளைகளையும் இப்படித்தான் என்று அம்மா ஏதோ சொல்ல வருகிறாள் என்று நினைக்காதே, நான் மரத்தைப் பற்றித்தான் சொல்கிறேன், பிள்ளைகளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

தண்ணீர் ஊற்றுகிற வாளியம்மா, அவளுக்கு அந்தப் பேரை வைத்ததே நீதான், அவள் இதை மாப்பிள்ளையிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள். அவர் அவளுக்குப் பாடம் எடுத்தாராம், "செடிய அடிக்கடி டிஸ்டர்ப் பண்ணக் கூடாதும்மா, அதுக்கும் ஸ்ட்ரெஸ் இருக்கும்" என்று. எனக்கு இருபத்தாறு வருடமாக இருக்கிற ஸ்ட்ரெஸ்ஸைப் பற்றி ஒருவரும் பாடம் எடுத்ததில்லை. அதோடு விட்டாரா, ஒவ்வொரு தொட்டியிலும் சொட்டுநீர்க் குழாயைச் செருகி, அதைக் கம்பியால் கட்டி, நகர்த்த நினைத்தாலும் முடியாதபடி செய்துவிட்டார். செங்கல் தரையில் இடம் போதவில்லை என்று, அவசரக்காரன் நூற்றுப் பத்துத் தொட்டியை டேங்குக்குப் பின்னால் வெறும் மண்ணில் ஒரே வரிசையாக வைத்தார். டேங்க் கசிந்து கசிந்து அந்த இடம் எப்போதும் ஈரம், வேருக்கு விருந்து வைத்த மாதிரி. செருப்புக் கடைக்காரர் கடைசிவரை அடியைத் திருப்பிப் பார்க்கவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை.

அந்த வரிசை எப்படி வளர்ந்தது என்று உனக்கே தெரியும், நீதான் படம் பார்த்தாயே. மூன்று மாதத்தில் என் இடுப்புக்கு இருந்தது என் தலையைத் தாண்டியது, இலை ஒவ்வொன்றும் கைவிசிறி அகலம். மாப்பிள்ளை அதற்கு முதல் தர வரிசை என்று ஒரு பலகை எழுதி வைத்து, தொப்பியோடு பக்கத்தில் நின்று படம் எடுத்து உனக்கு அனுப்பினார். நீயும் உடனே "சூப்பர் மச்சான், அம்மா காலத்துல கூட இப்படி வந்ததில்லயே" என்று பதில் போட்டாய். அந்தப் பதிலை அவர் என் கட்டிலுக்கு வந்து, என் தலையணையைச் சரிசெய்துவிட்டு, எனக்கு வாசித்துக் காட்டினார். அம்மா காலமாம். ஓட்டையே இல்லாத கண்ணாடி ஜாடியில் எலுமிச்சங்கன்று வைத்து, வேர் தெரிகிறது அழகாக இருக்கிறது என்று அதையும் படம் எடுத்து அனுப்புகிறவன் நீ, உனக்கு என் காலத்தைப் பற்றி என்ன தெரியும். எல்லாம் சொட்டுநீரின் மகிமை என்று மாப்பிள்ளை வருகிறவர் போகிறவரையெல்லாம் பிடித்து நிறுத்திச் சொன்னார். அந்த வரிசையின் குழாய் வாயெல்லாம் மண் அடைத்து, ஒரு சொட்டு விழாமல் பல வாரம் ஆகியிருந்தது. அது வாளியம்மாவுக்குத் தெரியும், மகிமை பாடியவருக்குத் தெரியாது. அந்தச் சமயத்தில்தான் புது மருத்துவமனையின் பொறியாளர் வந்து சேர்ந்தார். குழந்தைகள் பிரிவுக்கு முன்னால் வெயில் கொதிக்கிற பெரிய முற்றம், அதற்கு நிழல் வேண்டும் என்று நூற்றுப் பத்தையும் நின்ற இடத்திலேயே கேட்டுவிட்டார். அவர் ஒரு தனி ரகம், மரத்தை விரலால் தட்டிப் பார்க்கிறார், சுவர்ப் பூச்சைத் தட்டுகிற மாதிரி. போகும்போது என் அறை ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு மாப்பிள்ளையிடம், "முன்னாடி இருந்தவங்கள விட நீங்க நல்லா பண்றீங்க சார்" என்றார். முன்னாடி இருந்தவள் ஜன்னலுக்கு உள்ளே காலை நீட்டிப் படுத்துக்கொண்டு அதைக் கேட்டாள்.

லாரி வந்த அன்று காலை நான் கோலை ஊன்றிக்கொண்டு மெதுவாக டேங்குக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தேன். அன்றுதான் அந்த வரிசையைக் கிட்டத்தில் பார்த்தேன், பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது, ஆனால் லாரி வாசலில் நிற்கும்போது என்ன செய்ய முடியும். சுமை ஏற்ற வந்த இருவரும் முதல் தொட்டியைப் பிடித்துத் தூக்கினார்கள், வரவில்லை. ஆட்டிப் பார்த்தார்கள், ஆடவில்லை. மாப்பிள்ளைக்கு முகமெல்லாம் பல், "பாத்தீங்களா அத்தை, எவ்ளோ ஸ்ட்ராங்கா நிக்குது" என்றார். மூன்றாவது இழுப்பில் அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது, ஈரத்துணியைக் கிழிக்கிற மாதிரி. தொட்டி மேலே வந்தது, அடியில் நாலு ஓட்டையிலும் கட்டைவிரல் கனத்துக்கு வேர், வெள்ளையாக அறுந்து தொங்கியது. "எக்ஸ்ட்ரா வேரு, பரவால்ல, உள்ள நெறைய இருக்கும்" என்று சொல்லி அவரே கத்தியை வாங்கி அதை அழகாக மட்டமாக நறுக்கிவிட்டார். உள்ளே நிறைய இருக்குமாம். இப்படியே நாற்பது தொட்டி, நாற்பது சத்தம். ஒவ்வொரு சத்தத்துக்கும் வாளியம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். நாற்பதோடு லாரி நிறைந்துவிட்டது, மீதி எழுபதை அடுத்த வாரம் எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அடுத்த வாரம் வரவில்லை. நட்ட மூன்றாம் நாளே இலை தொங்கிவிட்டது. தண்ணீர் போதவில்லை என்று பொறியாளர் குழாய் வைத்து அடிக்கச் சொன்னார், குடிக்க வாய் இல்லாததுக்கு எவ்வளவு ஊற்றி என்ன. பத்தாம் நாள் நாற்பதும் துடைப்பக் குச்சி. பொறியாளர் வரச் சொல்லி ஆள் அனுப்பியதும் மாப்பிள்ளை கிளம்பினார், நானும் வருகிறேன் என்று வண்டியில் ஏறிக்கொண்டேன். எதற்கு ஏறினேன் என்று பிறகு சொல்கிறேன். அந்த முற்றத்தை நீ பார்க்க வேண்டும். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கூப்பிடுகிற முறைக்குக் காத்திருக்கிறவர்கள், வெயிலுக்கு ஒதுங்க இடமில்லாமல் சுவரோடு சுவராக நிற்கிறார்கள், எதிரே நாற்பது குச்சி. மாப்பிள்ளை ஒவ்வொன்றிலும் நம் நர்சரி பெயரை அட்டையில் எழுதிக் கட்டியிருந்தார், நாற்பதிலும் நம் பெயர் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பெருக்குகிற அம்மாள் என்னை யாரோ நோயாளி என்று நினைத்து, "மரத்த நட்டாங்களா குப்பைய நட்டாங்களான்னு தெரியல, தெனமும் அள்ளி முடியல" என்று என்னிடமே சொன்னாள். பொறியாளர் அறைக் கதவு திறந்தே இருந்தது, நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவர் கத்தி முடித்ததும் மாப்பிள்ளை பேசினார். "தப்பு முழுக்க என்னோடதுதான் சார். எங்க அத்தைக்கு இதுல ஒண்ணுமே தெரியாது, அவங்க படுக்கையில இருந்தாங்க. அவங்க ஒரு தடவ வந்து பாத்திருந்தா இப்படி ஆகியிருக்காது. என்னைய என்ன வேணும்னாலும் சொல்லுங்க, அவங்க பேர மட்டும் கெடுத்துடாதீங்க" என்றார். தொப்பி கையில் சுருண்டு கிடந்தது, அதை அவர் பிழிந்துகொண்டிருந்தார், ஈரமே இல்லாத தொப்பியை.

பெரியவனே, மேலே ஒரு பொய் எழுதியிருக்கிறேன். லாரி வந்த அன்றுதான் அந்த வரிசையைப் பார்த்தேன் என்று எழுதினேன் அல்லவா, அது பொய். அடித்துவிட்டுத் திருத்தலாம்தான், அப்படியே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன், என் கை எவ்வளவு சரளமாகப் பொய் எழுதுகிறது என்று நீயும் பார்க்க வேண்டும். லாரி வருவதற்கு இரண்டு மாதம் முன்னாலேயே எனக்குத் தெரியும். மருத்துவர் நடந்து பழகச் சொன்ன முதல் வாரம், எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்து நான் டேங்குக்குப் பின்னால் போனேன். கோல் நுனியால் ஒரு தொட்டியின் விளிம்பைத் தள்ளினேன். ஒழுங்கான தொட்டி என்றால் கொஞ்சம் ஆடிவிட்டு உட்காரும், அது அசையவில்லை. அடுத்ததும் அசையவில்லை. ஏழு தொட்டி தள்ளிப் பார்த்தேன், குழாய் வாயையும் தொட்டுப் பார்த்தேன், காய்ந்து கிடந்தது. அன்று வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தனையையும் காப்பாற்றியிருக்கலாம். நான் திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்து, சின்னவள் கொடுத்த டீயைக் குடித்தேன். அந்த டீ எனக்கு அவ்வளவு ருசியாக இருந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது. விழட்டும் என்று நினைத்தேன். தொப்பியும் நாடாவும் பென்சிலுமாக எல்லோர் முன்னாலும் விழட்டும், அந்தப் பொறியாளருக்கும் தெரியட்டும், அம்மா காலம் என்று எழுதிய உனக்கும் தெரியட்டும், அப்புறம் நான் கோலை ஊன்றிக்கொண்டு போய்ச் சரிசெய்வேன் என்று தினமும் படுத்தபடியே ஒத்திகை பார்த்தேன். அன்று என்ன பேசுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். பொறியாளரைப் பார்க்கப் போன வண்டியில் நான் தொற்றிக்கொண்டதும் அதைப் பேசத்தான், இப்போது உனக்குப் புரியும். போன இடத்தில் அவர் பேசியதைக் கேட்டேன், எழுந்து போய் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

நான் கோலால் தள்ளிக்கொண்டிருந்த அன்று வாளியம்மா டேங்குக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறாள். லாரி போனதும் "அக்கா, ஒங்களுக்குத் தெரியும்ல" என்று மட்டும் கேட்டாள். நீ உன் வேலையைப் பார் என்றேன். அதிலிருந்து அவள் என்னிடம் தண்ணீரைத் தவிர வேறு பேச்சுப் பேசுவதில்லை. யோசித்துப் பார், வேரைப் பற்றி ஒன்றும் தெரியாதவர் நாற்பது மரத்தைத் தூக்கினார், எல்லாம் தெரிந்தவள் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தாள். அந்த முற்றத்தில் வெயிலில் நிற்கிற குழந்தைகளுக்கு நான் செய்தது இது. இத்தனை பக்கமும் அவரை இளக்காரம் செய்துகொண்டே வந்தேன், என்னைப் பற்றி எழுத வேண்டிய இடம் வந்ததும் அந்த அளவுக்குக் கேவலமான வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை.

இப்போது இங்கே நடப்பதைச் சொல்கிறேன். முதல் தர வரிசைப் பலகையை மாப்பிள்ளை கழற்றி விறகோடு போட்டுவிட்டார். ஒட்டிய சைஸ் நம்பர்களை ஒவ்வொன்றாக நகத்தால் சுரண்டி எடுக்கிறார், கடையைக் காலி செய்து கொடுக்கிற மாதிரி. அளவு நாடாவை அப்பாவிடம் கொடுத்து, "மாமா, இது ஒங்களுக்குத்தான் ஒதவும்" என்றாராம், அப்பா அதை வாங்கிச் சுருட்டி மெஷின் டிராயரில் வைத்தார். சின்னவளிடம் "எனக்கு மண்ணு ஒத்து வராது, பெட்டி தூக்குற வேலதான் சரி" என்று சொல்லியிருக்கிறார். உன் கிடங்கு வேலையை நான் மட்டமாகச் சொல்லவில்லை, நீயே அதில்தானே இருக்கிறாய். அவர்கள் வர வேண்டும் என்றால் வரட்டும், நான் குறுக்கே படுக்க மாட்டேன். ஆனால் தனக்கு ஒன்றுமே வராது என்று நம்பிக்கொண்டு ஒரு மனிதர் ஊர்விட்டு ஊர் வரக் கூடாது, அதுவும் பழியில் பெரிய பங்கு இன்னொருத்தியுடையதாக இருக்கும்போது. சின்னவளும் தன் கணவருக்குக் கையில் ஒன்றும் நிற்காது என்ற நினைப்போடு அங்கே வந்து குடித்தனம் நடத்தக் கூடாது.

எழுபது மரம் இன்னும் அங்கேயே நிற்கிறது, வேரைத் தரையில் இறக்கிக்கொண்டு, நடந்தது ஒன்றும் தெரியாமல் தளதளவென்று. அதைக் காப்பாற்றலாம். இனிச் சொல்வதை எனக்கு ஏன் எழுதுகிறாய் என்று கேட்காமல் பொறுமையாகப் படி. தொட்டியைத் தூக்கவும் கூடாது, சாய்க்கவும் கூடாது. முதலில் இலையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட வேண்டும், பார்க்கக் கண் கூசும், கூசட்டும், படம் எடுக்க வேண்டாம். தொட்டிக்கு அடியில் நாலு ஓட்டை, டேங்க் பக்கம் இரண்டு, வெளிப்பக்கம் இரண்டு. வெளிப்பக்கத்து மண்ணைக் கையால் பறித்து, கைப்பிடி கழற்றிய மெல்லிய ரம்ப அலகை அடியில் செலுத்தி, அந்தப் பக்கத்து இரண்டு வேரை மட்டும் அறுக்க வேண்டும். டேங்க் பக்கத்து இரண்டைத் தொடக் கூடாது, புது வேர் வரும்வரை மரத்துக்குச் சாப்பாடு அந்த வழியில்தான். தொட்டிக்குள் மண் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், குழாயை நம்பாமல் கையால் ஊற்றினால்தான் உள்ளே புது வேர் பிடிக்கும். மேலே நிழல்வலை வேண்டும், அப்பா தைத்துத் தருவார். நாற்பது நாள் கழித்து மீதி இரண்டையும் அறுத்து, தொட்டியைச் செங்கல் மேல் ஏற்றி, இன்னும் ஒரு மாதம் வைத்திருந்து, இலை வாடாமல் நின்றால் நடலாம். எழுபதில் ஐம்பதாவது பிழைக்கும், அதில் நாற்பது அந்த முற்றத்துக்கு. பொறியாளரிடம் வெள்ளிக்கிழமை நானே போய், முன்னாடி இருந்தவள் தெரிந்தே சும்மா இருந்தாள் என்று சொல்லப்போகிறேன், அவர் மேசையைத் தட்டுவாரோ என்னைத் தட்டுவாரோ தட்டட்டும். ஒரு சிக்கல்தான். அந்த மண்ணைப் பறிக்கவும் அலகைச் செலுத்தவும் தொட்டிக்குத் தொட்டி தரையில் முட்டி ஊன்ற வேண்டும். என் முட்டி இனிமேல் தரையைத் தொடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார், வாளியம்மாவுக்கு இடுப்புப் பிடிப்பு, அப்பாவை உட்கார வைத்தால் எழுப்ப ஆள் வேண்டும். முட்டியை ஊன்றிப் பழகிய மனிதர் இந்த வீட்டில் ஒருவர்தான் இருக்கிறார்.

இதை நேரில் சொல்லிவிட இரண்டு தடவை வாயெடுத்தேன். முதல் தடவை, மாப்பிள்ளை அந்தத் தொட்டி என்று ஆரம்பித்து, தொட்டிக்குத் தண்ணி ஊத்தியாச்சா என்று முடித்தேன். அவர் "ஊத்திட்டேன் அத்தை" என்றார். இரண்டாம் தடவையும் அதையே கேட்டேன், அவரும் அதையே சொன்னார். அறுபத்தொரு வயதில் எனக்கு இவ்வளவுதான் தைரியம். சனிக்கிழமை காலை வெயில் ஏறுவதற்கு முன்னால் டேங்குக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, ரம்ப அலகை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். யார் வருகிறார்களோ வரட்டும், ஒருவரும் வராவிட்டால் கோலால் மண்ணைக் கிளறவாவது பார்ப்பேன்.

நீயும் மருமகளும் குட்டியும் எந்தக் குறையும் இல்லாமல், மனம் நிறைந்து, ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், அம்மாவின் ஆசி எப்போதும் உண்டு, அப்பாவும் சொல்லச் சொன்னார். அந்தக் கண்ணாடி ஜாடியிலிருந்து எலுமிச்சங்கன்றை இன்றைக்கே எடுத்து, அடியில் ஓட்டை உள்ள எதிலாவது வை, இருபது நாளுக்கு ஒரு முறை தூக்கிப் பார். வயிற்றுவலி என்று சொல்லாதே.

இப்படிக்கு,
எப்போதும் உன் நினைவாக இருக்கும்
அம்மா

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்கச் சொல்லி மாப்பிள்ளை கையில்தான் கொடுக்கப்போகிறேன். காதைப் பற்றி எழுதியதைக்கூட அடிக்கவில்லை. உறையை ஒட்டவும் இல்லை. உனக்கு இது ஒட்டிய உறையில் வந்து சேர்ந்தால், ஒட்டியது நான் இல்லை என்று தெரிந்துகொள்.